மேல்குகையில் ஒரு சின்ன வவ்வால்

“நான் இறங்குறேன் அம்மா. இந்தக் குளிர் எனக்கு ஆகாது.”

மருதப்பன் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஐம்பதைத் தொட்ட ஒல்லி உடம்பு. கமுதி வெயிலில் வளர்ந்தவன்.

மலைக்குகையில் இருந்த வடிவம்மை அவனைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவள்தான் குரு.

“ஏற்கெனவே இரண்டு தடவை இறங்கியாச்சு,” என்றாள். “இந்தத் தடவை இறங்கினா மறுபடி ஏற வேண்டாம்.”

அது அவனுக்கும் தெரியும். கீழே போய்ச் செய்வதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“மனசு இருக்கும்மா. உடம்பு இல்லை. இந்த வவ்வாலையே பாருங்க. அடிவாரத்து மண்டபத்தில் இதே இனம் கட்டைவிரல் அளவுதான். இங்கே உள்ளங்கை அளவு. குளிருக்கு ஆனதைப் பெருசாத்தான் படைச்சிருக்கு.”

அடுப்படியில் இருந்த இன்னொரு சீடர் சிவனாண்டி சிரித்தார்.

“வவ்வால் மேல பழியா? நல்லா இருக்குய்யா.”

“உங்க குறட்டை மேலயும்தான்.”

அந்தக் குறட்டையையும் பீடி நாற்றத்தையும் தாங்காமல், பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல்பக்கம் தனியாகப் படுக்கப் போனவன் மருதப்பன்.

வடிவம்மை எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் கொதித்த வெந்நீரை ஒரு டம்ளரிலும் ஒரு குண்டானிலும் ஊற்றினாள். இரண்டையும் காற்றடிக்கும் பாறையில் வைத்தாள்.

மூவரும் அரிசியில் கல் பொறுக்கி முடித்தார்கள்.

“தொட்டுப் பாருங்க.”

டம்ளர் ஆறிப்போயிருந்தது. குண்டான் இன்னும் கையைச் சுட்டது.

“அதைத்தானே நானும் சொல்றேன்? சின்ன உடம்பில் சூடு நிக்காது. கீழே வெயிலில் அது நல்லது. இங்கே சாவு. நான் டம்ளர் அம்மா.”

“சரியாத்தான் சொல்றீங்க.”

அவள் ஒப்புக்கொண்டது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

அவள் லாந்தரை எடுத்துக்கொண்டு குகையின் உள்பக்கம் நடந்தாள். அவனும் போனான். வெளியே நடுப்பகல். உள்ளே மை இருட்டு.

மேலே பாறையில் வவ்வால்கள் ஒரே கொத்தாகத் தொங்கின.

“நடுவில் பாருங்க.”

பெரிய உடம்புகளுக்கு இடையில் ஒன்று, கட்டைவிரல் அளவில்.

“குட்டியா?”

“முழுசா வளர்ந்தது. போன மழையில் மண்டபத்துக் கூரை விழுந்தப்போ மேலே வந்தது.”

“இங்கேயே இருந்தா பெருசாயிடுமா?”

“ஆகாது.”

“அப்புறம் எப்படி உயிரோட இருக்கு?”

வடிவம்மை விளக்கைத் தணித்தாள். கொத்து ஒரு தடவை அசைந்து, இன்னும் நெருங்கிக்கொண்டது.

“அந்தப் பெரிய வவ்வாலெல்லாம் மணக்குதுன்னு நினைக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மருதப்பன் வெளியே வந்தான். மூட்டையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சாயங்காலக் காற்று எழும்பியது. பல் கிடுகிடுத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தான். பாயை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

சிவனாண்டி அதற்குள் படுத்திருந்தார்.

“என்னய்யா, இறங்கலையா?”

“தள்ளிப் படுங்க.”

“பீடி நாறுமே?”

“நாறட்டும். தள்ளுங்க.”