புளியங்காவலூர் மோட்டாருக்கு லக் போட்ட கதை

புளியங்காவலூரில் எலெக்ட்ரீஷியன்கள் நாலு பேர். நாலு பேரையும் சேர்த்தால் ஒருத்தராவது தேறுவாரா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட வீடுகளில் அப்புறம் ஃபேன் சுற்றியதில்லை. தலைவர் சென்னியப்பன். கண்ணாடி போட்டிருந்ததால் ஊர் அவரை அறிவாளி என்று ஒப்புக்கொண்டிருந்தது. அவருக்குக் கீழே நாச்சிமுத்து, ராக்கியப்பன், திருமூர்த்தி. சென்னியப்பன் சொன்னால் மூவரும் சொன்னபடியே செய்வார்கள். என்ஜினியர் சொன்னால் சென்னியப்பன் சொன்னபடியே செய்வார். ஊருக்குப் பிடித்த கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

அந்தக் கோடையில் குடிதண்ணீர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் காலை புது மோட்டாரும் புது கன்ட்ரோல் பெட்டியும் வந்தன. என்ஜினியர் அமுதவல்லி மெயினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பொருத்தி முடித்தார். பாக்கி ஒரே வேலை. ஒவ்வொரு வயர் நுனியிலும் லக் என்கிற சின்ன உலோகக் குப்பியை மாட்டி நசுக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். பக்கத்து ஊர் மோட்டாரும் படுத்துவிட்டதால், அந்த வேலையை நால்வரிடம் ஒப்படைத்துவிட்டு அமுதவல்லி கிளம்பினார். படித்தவர்களும் சில சமயம் இப்படித் துணிந்துவிடுகிறார்கள்.

போகும்போது புத்தம்புது கிரிம்பிங் டூல் ஒன்றைக் கையில் கொடுத்தார். பார்க்கக் குறடு மாதிரி இருக்கும். வாயில் லக்கைக் கொடுத்து ரெண்டு கைப்பிடியையும் அழுத்தினால், லக்கும் வயரும் ஒட்டிக்கொள்ளும்.

"கட்டிங் பிளேயரால நசுக்காதீங்க. இதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, அதைக் கொடுங்க. இதோட வாயில சிவப்பு, நீலம், மஞ்சள்னு மூணு பள்ளம் இருக்கு. லக் என்ன நிறமோ அந்த நிறப் பள்ளத்துல வைங்க. அழுத்த ஆரம்பிச்சுட்டா, 'டக்'னு தானா திறக்கற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. முடிஞ்சதும் இழுத்துப் பாருங்க. கழண்டு வந்தா நுனியை வெட்டிட்டு வேற லக் போடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்" என்றார்கள் நால்வரும். அவர்களுக்குப் புரியாத விஷயம் என்று அதுவரை எதுவும் இருந்ததில்லை.

முதலில் மரியாதை. மோட்டார் அறையில் இருந்தது ஒரே நாற்காலி. சென்னியப்பன் எழுந்து நின்று டூலை அதில் உட்கார வைத்தார். திருமூர்த்தி வாங்கி வந்த டீயை அதன் முன்னால் வைத்தான். டூல் குடிக்கவில்லை.

"கூச்ச சுபாவம் போல" என்றான் ராக்கியப்பன்.

"ஊருக்குப் புதுசல்ல" என்றார் சென்னியப்பன்.

வெளியே குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற ருக்மிணி எட்டிப் பார்த்து, "தண்ணி எப்பங்க வரும்?" என்றாள்.

"இப்பத்தானுங்க டீயே குடுத்திருக்கோம்" என்றார் சென்னியப்பன்.

பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த வயர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். லக்குகளும் சிவப்பு, மஞ்சள், நீலம். லக்கின் நிறம் அதன் அளவைச் சொல்லும். வயரின் நிறம் அது எந்த லைன் என்பதைச் சொல்லும். ரெண்டுக்கும் உறவே கிடையாது. தடித்த வயர் எந்த நிறமானாலும் பெரிய மஞ்சள் லக்தான். இதை அமுதவல்லி சொல்லவில்லை. சொல்லவேண்டி வரும் என்று அவருக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

நால்வரும் மஞ்சள் வயருக்கு மஞ்சள் லக்கைப் போட்டார்கள். தப்பித் தவறி அது சரியாக அமைந்துவிட்டது. 'டக்' என்று சத்தமும் வந்தது. இனி இழுத்துப் பார்க்க வேண்டும்.

நாச்சிமுத்து இழுத்தான். வரவில்லை.

"வரலைங்கண்ணா."

"கழண்டு வந்தா வெட்டணும்னு மேடம் சொன்னாங்களே, அப்ப அது வந்தாகணுமல்ல? நல்லா இழு!"

ராக்கியப்பன் நாச்சிமுத்துவின் இடுப்பைப் பிடித்தான். திருமூர்த்தி ராக்கியப்பனின் இடுப்பைப் பிடித்தான். சென்னியப்பன் திருமூர்த்தியைப் பிடித்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு எண்ணினார். மூன்று என்றதும் லக் பிய்த்துக்கொண்டு வந்தது. நால்வரும் வாசலுக்கு வெளியே ருக்மிணியின் குடத்தின்மேல் போய் விழுந்தார்கள்.

"பாத்தீங்களா, மேடம் சொன்னது சரியாப் போச்சு!" என்று சென்னியப்பன் எழுந்து மண்ணைத் தட்டினார். நுனியை வெட்டி வேறு லக் போட்டார்கள். இழுத்தார்கள். அதுவும் வந்தது. வெட்டினார்கள். பதினோராவது தடவை வயர் மோட்டாருக்கு எட்டவில்லை.

"வயர் சுருங்குதுங்கண்ணா" என்றான் திருமூர்த்தி.

"வெயிலுக்கு எல்லாமே சுருங்கும். மோட்டாரைக் கொஞ்சம் கிட்ட நகர்த்திக்கலாம்."

மோட்டார் கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு நின்றது. நகரவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிவப்பு வயருக்குப் போனார்கள்.

சிவப்பு லக் ரொம்பப் பொடிசு. தடித்த வயர் அதற்குள் நுழைய மறுத்தது. மஞ்சள் லக் நுழைந்தது. ஆனால் நிறம் சேரவில்லை.

"நுழையுதேன்னு கண்டதைப் போட முடியுமா?" என்று சென்னியப்பன் கவலைப்பட்டார். நால்வரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் திருமூர்த்திக்குத்தான் யோசனை உதித்தது. ருக்மிணியின் மகளிடம் நகப்பூச்சு வாங்கி வந்து, மஞ்சள் லக்குக்கு ஒரு பூச்சுப் பூசினான். ஊதிக் காயவைத்தான். அருமையான சிவப்பு.

இப்போது அது சிவப்பு லக் அல்லவா? சொன்னது சொன்னபடி, அந்தப் பெரிய லக்கைச் சின்னதான சிவப்புப் பள்ளத்தில் வைத்து ராக்கியப்பன் அழுத்தினான். பாதி தூரம் போய் டூல் இறுகிக்கொண்டது. மேலே அழுந்தவும் இல்லை, பின்னால் திறக்கவும் இல்லை. 'டக்' வரவில்லை.

ராக்கியப்பன் கையை எடுக்கவில்லை. கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்?

பத்து மணிக்குப் பிடித்தவன் ஒரு மணிக்கும் பிடித்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அவனுக்குச் சோறு ஊட்டினான். மூக்கு அரித்தபோது திருமூர்த்தி சொறிந்துவிட்டான். ராக்கியப்பன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நான் இப்படியே இருந்துடுவேனாண்ணா? எங்க வீட்டுல என்ன சொல்லுவீங்க?"

"வேலையா இருக்கான்னு சொல்லுவோம்" என்று சென்னியப்பன் ஆறுதல் கூறினார். பிறகு போனில் அமுதவல்லியைக் கூப்பிட்டார். "மேடம், டக் வர மாட்டேங்குதுங்க. புடிச்சது புடிச்ச மேனிக்கு நிக்குது."

"சிக்கிக்கிச்சா? கைக்கு நடுவுல சின்னதா ஒண்ணு துருத்திட்டு இருக்கும் பாருங்க. அதை விரலால தள்ளினா வாய் திறந்துடும்."

சென்னியப்பன் பார்த்தார். ராக்கியப்பனின் ரெண்டு கைக்கும் நடுவில் துருத்திக்கொண்டிருந்தது அவனுடைய தொப்பைதான். விரலால் ஒரு குத்துக் குத்தினார். "ஆ!" என்று அலறினான் ராக்கியப்பன்.

"வாய் திறந்துடுச்சுங்க மேடம்!"

"நல்லது. மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ரெண்டு மூணு தடவை வாயைத் திறந்து திறந்து மூடுங்க. அதிகமா வழிஞ்சா துடைச்சிடுங்க."

மெஷின் எண்ணெய் வயிற்றுக்கு ஆகாது என்று நாச்சிமுத்து நல்லெண்ணெய் வாங்கி வந்தான். ராக்கியப்பனின் தாடை மூட்டில் ஒரு சொட்டு விட்டார்கள். வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். வழிந்ததைத் துடைத்தார்கள். அவன் முகம் பளபளவென்று ஆனது; டூல் இருந்தபடியே இருந்தது.

நாலு மணிக்கு அமுதவல்லி திரும்பி வந்தார். குட்டையான மஞ்சள் வயரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார், ஆறிப்போன டீயைப் பார்த்தார். எண்ணெய் வழியும் ராக்கியப்பனைப் பார்த்தார். டூலின் கைப்பிடிகளுக்கு நடுவே இருந்த சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினார். வாய் திறந்தது. ராக்கியப்பன் அப்படியே அவர் காலில் விழுந்து அழுதான்.

அமுதவல்லி புது வயர் இழுத்து, லக் எல்லாவற்றையும் தானே போட்டு, மெயினைப் போட்டார். அஞ்சரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ருக்மிணி முதல் குடத்தை நிரப்பிக்கொண்டு, "நீங்க நாலு பேரும் வரலைன்னா காலையிலேயே வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நால்வரும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அமுதவல்லி சொன்னார்: "இந்த டூல் பாதியில சிக்கினதுல அளவு மாறியிருக்கும். கோயம்புத்தூர்ல சரிபார்க்கற இடம் இருக்கு. நாளைக்கே அனுப்பிடுங்க."

மறுநாள் காலை எட்டு மணி கோயம்புத்தூர் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், துண்டு விரித்து டூலை உட்கார வைத்தார்கள்.

"யாராவது கூடப் போகணுங்களாண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"அனுப்பத்தான் சொன்னாங்க. கூட்டிட்டுப் போகச் சொல்லலை."

கண்டக்டர் வந்தார். "இது யாருதுங்க?"

"தனியாத்தான் போறாருங்க. கோயம்புத்தூர்ல இறக்கி விட்டாப் போதும், அங்கிருந்து விசாரிச்சுப் போயிக்குவார். முழு டிக்கெட்டே குடுத்துடுங்க, ஆள் குட்டையா இருந்தாலும் வயசு தெரியலை" என்றார் சென்னியப்பன்.

கண்டக்டருக்கு வாதாட நேரமில்லை. வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துத் துண்டின்மேல் வைத்துவிட்டு விசிலடித்தார். பஸ் திரும்பி மறையும் வரை நால்வரும் கையசைத்தார்கள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொன்னீங்களாண்ணா?" என்று கேட்டான் திருமூர்த்தி.

சென்னியப்பன் முகம் வெளுத்தது. "அடடா! நம்ம நம்பரையே குடுக்கலையேடா! ஓடு, ஓடு!"

நாலு பேரும் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் ராக்கியப்பன் சட்டென்று நின்றான்.

"அண்ணா, அவருக்குக் கை ரெண்டு இருக்குது, வாய் இருக்குது, காது இல்லீங்களே! நாம பேசினா அவருக்கு எப்படிக் கேட்கும்?"

சென்னியப்பன் ஓட்டத்தை நிறுத்தாமலே திரும்பிக் கத்தினார்.

"அதுக்குத்தாண்டா மெசேஜ் அனுப்பச் சொல்லலாம்னு ஓடறேன்! நிக்காம வா!"