கரடி கட்டிய பாலம்

ஒரு காட்டாற்றின் இக்கரையில் விலங்குகள் வாழ்ந்தன. அவற்றின் ஜெபக் கூடம் அக்கரையில் இருந்தது. மழைக்காலம் வந்தால் முயல் குட்டிகளும் மான் குட்டிகளும் கூடத்துக்குப் போக முடியாது. அதனால் ஞானமுத்து என்ற கரடி, தன்னந்தனியாக ஒரு மாதம் பாடுபட்டு, மரங்களை அடுக்கி ஒரு பாலம் கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. குட்டிகள் எல்லாம் காணிக்கைப் பழங்களுடன் அந்தப் பாலத்தில் பவனி போக வேண்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை காலை பாக்கியநாதன் நரி வந்தது. பாலத்தில் துள்ளித் துள்ளிப் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பியது.

"அண்ணாச்சி! இப்படி ஒரு பாலத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை! ஆண்டவர் உங்கள் கைக்கென்றே ஒரு தனி வரம் கொடுத்திருக்கிறார்!"

ஞானமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு முழுத் தேனடையை எடுத்து நரியிடம் கொடுத்தது.

சற்று நேரத்தில் எஸ்தர் நீர்நாய் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. "அண்ணாச்சி, நடு மரம் உளுத்துப்போச்சு. மேலே பட்டை பளபளப்பா இருக்கு. அடியிலே ஒண்ணுமே இல்லை. குட்டிகளை இதிலே விடாதீங்க!"

"ஒரு மாத உழைப்பு உனக்கு உளுத்ததாகத் தெரிகிறதா?" என்று கரடி சீறியது. "உனக்குப் பொறாமை! போ!"

எஸ்தர் தண்ணீருக்குள் போய்விட்டது.

சாயங்காலம் ஞானமுத்து முழங்காலிட்டது. "ஆண்டவரே, நான் கட்டிய இந்தப் பாலத்தை..." கண்ணை மூடினால், வெள்ளத்துக்குமேல் நடந்துபோகும் முயல் குட்டிகள்தான் தெரிந்தன. எழுந்து நேராக ஆற்றங்கரைக்குப் போனது.

அங்கே நரி இன்னொரு தேனடைக்காகக் காத்திருந்தது.

"நல்ல நேரத்தில் வந்தாய் தம்பி! நீயே முதலில் அக்கரைக்குப் போய் வா."

"நானா? எனக்குக் கால் சுளுக்கு!"

"காலையில் துள்ளிக் குதித்தாயே!"

நரி காதைச் சொறிந்தது. "உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. நடு மரத்தில் கால் வைத்ததுமே நெறுநெறுவென்று சத்தம் வந்தது. அதனால்தான் திரும்பிவிட்டேன்."

"அடப்பாவி! தெரிந்துமா என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் தேன் கொடுத்திருப்பீர்களா?"

கரடிக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. நரியை அடிக்க ஓங்கிய கையைக் கீழே போட்டது.

பிறகு தண்ணீரின் ஓரம் குனிந்து கூப்பிட்டது. "எஸ்தர்! என்னை மன்னித்துவிடு தங்கச்சி. நீ குட்டிகளைப் பார்த்தாய். நான் என் பெருமையைப் பார்த்தேன்."

நீர்நாய் மேலே வந்தது. "நானும் கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம். சரி, இருட்டுறதுக்குள்ளே அந்த மரத்தைக் கழற்றுங்க!"

கரடி நடு மரத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அது இரண்டாக முறிந்து வெள்ளத்தோடு போனது. உடனே ஒரு வைரம் பாய்ந்த மருத மரத்தைச் சாய்த்தது. மூவரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். எஸ்தர் அடியில் நின்று ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பார்த்தது. நரிகூட, சுளுக்கை மறந்து, கொடி கட்டிக் கொடுத்தது.

மறுநாள் பவனி ஜோராக நடந்தது. முயல் குட்டிகளும் மான் குட்டிகளும் பாட்டுப் பாடிக்கொண்டே அக்கரை சேர்ந்தன. கூடத்தில் ஞானமுத்து எல்லாருக்கும் தேன் பங்கிட்டது. எஸ்தருக்குக் கொடுக்கும்போது, "எப்படி இருக்கிறது என் பாலம்?" என்று மெல்லக் கேட்டது.

"பலமா இருக்கு அண்ணாச்சி. கைப்பிடிதான் கோணல்!"

கூடமே அதிரும்படி கரடி சிரித்தது. திங்கட்கிழமை விடிந்ததும் கைப்பிடியை நிமிர்த்தக் கிளம்பியது.

நம் காது குளிரப் பேசுகிறவரைவிட, நம் குறையை நம் முகத்துக்கு நேரே சொல்கிறவரே கிறிஸ்துவுக்குள் நமக்கு மெய்யான சகோதரர்.