மூடாத கலயம்

"அம்மா, இந்த மடத்தில் தோற்பதற்கு ஒருவருக்கும் மனம் இல்லை" என்றான் சேந்தன்.

உலகுடையாள் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். புளி ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம்.

"உட்காரும். யார் தோற்க வேண்டும்?"

"யாரும் தோற்க வேண்டாம். தோற்றால் தோற்றேன் என்று சொன்னால் போதும்."

"அது அவ்வளவு சின்ன விஷயமா?" என்றாள் அவள்.

அந்தக் கல்வி மடத்துக்கு அவள்தான் தலைவி. வயதில் சேந்தனைவிட இளையவள். அவன் மாணவனாக அவளிடம் வந்து சேர்ந்தபோதே அவன் காதோரம் நரைத்திருந்தது.

மலையடியில் இருந்தது மடம். மருத்துவம், வானநூல், பாட்டு என்று அங்கே பல துறைகள். ஒவ்வொரு துறையிலும் பெரியவர்கள் புதுப்புது முறைகளைக் கண்டுபிடித்தபடி இருந்தார்கள். கண்டுபிடித்தவரே அதைச் சோதித்தார். சோதித்தவரே வென்றதாகச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு முறை கைவசம் இருந்தது.

இந்த முறைகளையெல்லாம் எடைபோட சேந்தன் ஒரு முறை கண்டிருந்தான்.

ஒன்றைப் புதிதாகச் செய்து பார்க்கும் முன் ஒரு கலயத்தில் விதை போட வேண்டும். பலிக்கும் என்றால் குன்றிமணி. பலிக்காது என்றால் புளியங்கொட்டை. உடனே வாயைக் களிமண்ணால் மூடிவிட வேண்டும். வேலை முடிந்தபின் எல்லார் முன்னாலும் உடைக்க வேண்டும்.

அவ்வளவுதான்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய முறை எதுவானாலும், வேறு துறைக்காரர் ஒருவராவது அதைத் தன் வேலையில் வைத்துப் பார்க்க ஒப்ப வேண்டும். மாசி மகத்துக்குள் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், கொண்டுவந்தவன் அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது.

மாசி மகம் மறுநாள்.

"முதலில் யாரிடம் போனீர்?"

"மாதேவரிடம்."

அவள் கை நின்றது.

மாதேவர் மருத்துவர். சேந்தனின் தம்பி குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, தாம் புதிதாகக் கண்ட கஷாயம் ஒன்றை அவர்தான் கொடுத்தார். கொடுக்கும்போது "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். தம்பி இறந்தான். பாடை கட்டும் இடத்தில் நின்றுகொண்டு, "எனக்கு முன்பே தெரியும்" என்றார்.

அதே கஷாயத்தில் அடுத்த தெருவில் ஒருவன் பிழைத்தான். அங்கேயும் போய் அதையேதான் சொன்னார்.

சேந்தன் அந்தச் சொல்லை மறக்கவில்லை. மறக்கப் பார்க்கவும் இல்லை. கலயம் அதிலிருந்து வந்ததுதான்.

"என்ன சொன்னார் மாதேவர்?"

"நல்ல முறை என்றார்."

"அப்படியா!"

"வானநூல்காரர்களுக்கு நல்ல முறை என்றார்."

உலகுடையாள் சிரித்துவிட்டாள். "எப்படிச் சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லும்."

"'ஓர் உடம்பு போல இன்னோர் உடம்பு இல்லை, சேந்தா. நட்சத்திரம் அப்படியா? நேற்று வந்த வழியில்தான் இன்றும் வரும். உன் சட்டியை அங்கே கொண்டு போ.' கலயத்தைச் சட்டி என்கிறார், அம்மா."

"போனீரா?"

"போனேன். வானநூல் நம்பி மழைக்குப் புதுக்கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறார். விதை போடுங்கள் என்றேன். 'அப்பனே, மேகத்துக்குக் கடிவாளம் உண்டா? நான் ஒன்று போடுவேன், காற்று ஒன்று செய்யும். ஊரே சிரிக்கும். பாட்டுக்காரர்களிடம் போ. பாட்டு ஓலையில் படுத்துக் கிடக்கிறது, எங்கேயும் ஓடாது' என்றார்."

"பிறகு காரியார்?"

"பிறகு காரியார்."

காரியார் பாட்டு ஆராய்கிறவர். பெயரில்லாத பாட்டு எந்தப் புலவருடையது என்று, அதில் வரும் சொற்களை எண்ணியே சொல்லிவிடலாம் என்பது அவருடைய புதிய முறை.

"அவர் எங்கே போகச் சொன்னார்?"

"அவர் எங்கேயும் போகச் சொல்லவில்லை. கலயத்தை வாங்கித் தட்டிப் பார்த்தார். 'சரி, குன்றிமணி போடுகிறேன். உடைப்பது எப்போது?' என்றார். பாட்டு யாருடையது என்று தெரியும்போது என்றேன். 'பாடியவன் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து சொல்லும்போதா? அதுவரை உன் களிமண் தாங்குமா?' என்றார். அவருடைய மாணவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்."

"ஏன்?"

சேந்தன் தரையைப் பார்த்தான். "அவர் கேட்டது நல்ல கேள்வி."

"எனக்கும் அப்படித்தான் படுகிறது" என்றாள் உலகுடையாள். "அதற்கு வழியே இல்லையா?"

அவன் யோசித்தான். அவள் நாலைந்து புளியைப் பிளந்து முடித்தாள்.

"பாடியவர் யார் என்று நமக்குத் தெரிந்த பாட்டு எத்தனையோ இருக்கிறது. பெயரை மறைத்து அவற்றைக் கொடுக்கலாம். அவர் எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். உடனே உடைத்துவிடலாம்."

"நன்றாக இருக்கிறதே! இதை அவரிடம் சொல்லியிருக்கலாமே?"

"அப்போது தோன்றவில்லை, அம்மா. கோபத்தில் இருந்தேன்."

"காரியார் மேலா?"

"மாதேவர் மேல்."

உலகுடையாள் ஒரு கொட்டையை விரலால் உருட்டினாள்.

"ஒன்று கேட்கட்டுமா? மூவரிடமும் போகும் முன் என்ன நினைத்தீர்? ஒப்புவார்கள் என்றா, மறுப்பார்கள் என்றா?"

"மறுப்பார்கள் என்று."

"ஒருவர்கூட ஒப்பமாட்டார் என்றா?"

"ஒருவர்கூட. எனக்கு முன்பே தெரியும், அம்மா."

அவள் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள்.

தன் வாயிலிருந்து வந்த சொல் சேந்தன் காதில் விழுந்துவிட்டது. அது வேறு குரலில் விழுந்தது. பாடை கட்டிய கயிற்றின் மணம்கூட வந்தது.

அவள் கையை நீட்டினாள். "கலயத்தைக் கொடும்."

மூன்று இடங்களுக்கும் அவன் தூக்கிக்கொண்டு அலைந்த கலயம் பக்கத்தில்தான் இருந்தது. வாய் திறந்தே இருந்தது. அவள் அதைத் தரையில் கவிழ்த்தாள்.

ஒன்றும் விழவில்லை.

வெளியே மாட்டின் கழுத்துமணி கேட்டது. அது தேய்ந்து மறைவதற்குள் சேந்தன் கலயத்தை நிமிர்த்தினான்.

அவள் முன் கிடந்த குவியலிலிருந்து ஒரு புளியங்கொட்டை எடுத்தான். மடியிலிருந்து ஒரு குன்றிமணி எடுத்தான். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். கலயத்துக்குள் ஏதோ ஒன்று விழுந்து உருண்டது.

"கொஞ்சம் களிமண் வேண்டும், அம்மா."

"கிணற்றடியில் இருக்கிறது."

போய் மூடிக்கொண்டு வந்தான். ஈரம் காயாத கலயத்தை அவள் முன் வைத்தான்.

"இது என்னுடையது, அவர் ஒப்புவாரா மாட்டாரா என்பதற்கு. உங்களிடம் இருக்கட்டும். அவருக்கு வேறு கலயம் கொண்டுபோகிறேன்."

"காரியாருக்கா?"

"அவரிடம் அப்புறம் போகிறேன். முதலில் மாதேவர்."

உலகுடையாள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கலயத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள்.

"எதைப் போட்டீர்?"

சேந்தன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

"உடைக்கும்போது பாருங்கள்" என்றான்.