ராஜாவோடு ஊர்வலம் வந்த நிலா

முன்னொரு காலத்தில் மயிலந்துறைச் சீமையைச் செண்டலங்காரர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டது மந்திரி திருவேகம்பர், ராஜா சாப்பிட்டு மட்டும் வந்தார் என்று சொல்வாரும் உண்டு. நமக்கெதற்கு அந்த வம்பு!

ஒரு நாள் மாலை உலாப் போய்த் திரும்பிய ராஜா சபையைக் கூட்டினார்.

"அதிசயம் கேளுங்கள்! தேர் ஓடும்போது பனைமரமெல்லாம் பின்னால் ஓடிற்று. குன்றுகூட மெள்ளப் பின்வாங்கிற்று. நிலா மட்டும் என்கூடவே வந்தது. ஏன்?"

திருவேகம்பருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிலா எவ்வளவு தூரம், அதற்கப்பால் என்ன என்று, மொட்டைமாடியில் மூங்கில் குச்சி நட்டு வருஷக்கணக்காக மண்டையைக் குடைந்துகொண்டவர் அவர். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று ராஜாவே கேட்கிறார்!

"அரசே, நிலா எட்டாத தூரத்தில்..." என்று ஆரம்பித்தார்.

"பக்தி, மகாராஜா!" என்று குறுக்கே பாய்ந்தார் ஆஸ்தான சோதிடர் வாகீசர். மந்திரி பதவிமேல் நெடுநாளாக அவருக்கு ஒரு கண். "நிலாவுக்குத் தங்கள்மேல் பக்தி! வேறு யார் பின்னாலும் அது போகாது."

ராஜா பூரித்தார். மறுகணமே முகம் சிவந்தார். "அண்டை நாட்டான் தன்னோடும் நிலா வருகிறதென்று பாட்டுக் கட்டியிருக்கிறானாமே! என் நிலாவையா திருடுகிறான்? திரட்டுங்கள் படையை!"

திருவேகம்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வயலில் நாற்று நடும் கைகளெல்லாம் இனி வேல் பிடிக்க வேண்டும், ஆகாயத்தில் கிடக்கும் ஒன்றுக்காக. தூரத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்று கண்டுகொண்டார்.

"அருமை, அரசே! சண்டைக்கு முன் சாட்சி வேண்டாமா? நாளை மாலை தாங்கள் வடக்கே போங்கள். அதே நேரம் சோதிடர் தெற்கே போகட்டும். நிலா தங்களோடு போய்விட, அவர் தலைக்குமேல் வானம் காலியாக இருக்கும். அவரே சாட்சி!"

"பேஷ்!" என்றார் ராஜா. வாகீசருக்கு வியர்த்தது.

மறுநாள் தெற்கே ஓடிய தேரில் வாகீசரோடு மந்திரியும் வீரர்களும் இருந்தார்கள். பனைகள் பின்னால் ஓடின. நிலா ஜம்மென்று கூடவே வந்தது. வாகீசர் அதைப் பார்த்து, கோழியை விரட்டுவதுபோல் கையை வீசினார்.

"சாமி, உங்க கூடவும் வருதே!" என்றான் ஒரு வீரன்.

"என்ன ஓய், ராஜாவின் நிலாவைக் கடத்திக்கொண்டு போகிறீரா?" என்று அக்கறையாக விசாரித்தார் மந்திரி. "அண்டை நாட்டானுக்காவது சண்டை. உமக்கு நேரே கழுமரம்தான்."

சபைக்குள் நுழைந்ததும் வாகீசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா, நிலா யார் பின்னாலும் வரவில்லை! மந்திரி சொல்ல வந்ததுதான் சரி, அது வெகு தூரம். நாம் ஓடுகிற ஓட்டம் அதற்கு ஓர் அடிகூட இல்லை. அதனால் கூட வருவதுபோல் தெரிகிறது. பதவி ஆசையில் உளறிவிட்டேன்!"

ராஜா ஜன்னல் வழியே நிலாவை எட்டிப் பார்த்தார். பிறகு மந்திரியைப் பார்த்தார்.

"அதற்கப்பால் நட்சத்திரங்களா?"

"அதைவிடத் தூரம், அரசே. எவ்வளவென்று எனக்கும் தெரியாது. அதை நினைத்தால் தூக்கமே வருவதில்லை."

"அத்தனைக்கும் முன்னால் நான்... சின்னவனா?"

திருவேகம்பர் தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஆமாம், அரசே. ஆனால் அது தெரிந்த ராஜா பூமியிலேயே தாங்கள் ஒருவர்தான்."

ராஜா நிமிர்ந்தார். "அண்டை நாட்டானுக்குத் தெரியாதா?"

"பாவம், அவர் இன்னும் தம்மைப் பெரியவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்."

"முட்டாள்! அவனோடு எனக்கென்ன சண்டை!" என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

படை கலைந்தது, ஆட்கள் வயலுக்குத் திரும்பினார்கள். வாகீசருக்குக் கழுமரம் இல்லை, கட்டியங்கூறும் வேலை கிடைத்தது. தினமும் சபை கூடும்போது அவர்தான் தொண்டை கிழியக் கத்துவார்:

"அண்டத்தின் முன்னே அணுவினும் அற்பமான செண்டலங்கார மகாராஜா வருகிறார், பராக்! பராக்!"

அதைக் கேட்டு ராஜா மார்பை நிமிர்த்தி நடப்பார், தன்னளவு சின்ன ராஜா எந்த நாட்டிலும் கிடையாது என்ற பெருமையோடு.