பச்சைப் பொட்டு வைத்த இன்ஜின்

கடையநல்லூர்ப் பக்கம் பூதலிங்கம் என்று ஒரு கார் முதலாளி. அவருடைய வாடகைக் காரை ஓட்டியவன் மாசானம். ஒருநாள் மலைப்பாதையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. முதலாளி அவன் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டே வயசு இன்ஜினை நாசமாக்கிட்டானே பாவி! இனி எந்த ஸ்டாண்டுலயும் இவன் வண்டி தொட முடியாது" என்று, வண்டியை இழுத்து வந்து போட்ட பட்டறையில் டிரைவர்கள் முன்னால் கத்தினார்.

அங்கே மண்ணெண்ணெயில் வண்டிச் சாமான் கழுவுகிறவள் மாசானத்தின் பெண்டாட்டி பேச்சித்தாய். "அது கிழட்டு இன்ஜின், முதலாளி" என்றாள்.

"இன்ஜினே வந்து வயசைச் சொல்லுச்சாக்கும்? சொல்லவை, லைசென்ஸைத் தாரேன்."

 பேச்சித்தாய் குரலை இறக்கினாள். "ஒருவேளை எங்க வீட்டுக்காரரே உங்க புது இன்ஜினைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டாரோ?"

மாசானம் திடுக்கிட்டான். முதலாளி சிரித்தார். "அந்த மூளை இவனுக்கு ஏது? நான் பக்கத்துல நின்னு மாட்டுன இன்ஜின்தான் இது. போல்ட்டுக்குப் போல்ட்டு நான் வச்ச பச்சைப் பெயிண்ட் பொட்டைப் பாரு. எவனாவது கழட்டியிருந்தா பொட்டு உடைஞ்சிருக்குமே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று டிரைவர்களிடம் கேட்டாள் பேச்சித்தாய்.

மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜினின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தாள். அங்கே அடித்திருந்த இன்ஜின் நம்பரை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். இரும்பை வார்க்கும்போதே புடைத்து நின்ற வருஷம் மட்டும் கரிக்கடியில் அப்படியே இருந்தது: 1996.

"நான் பொறந்தது தொண்ணூத்தெட்டு. இது எனக்கு ரெண்டு வயசு மூத்தது. நீங்க சொன்ன ரெண்டு வயசு அதுதானா முதலாளி?"

 முதலாளியின் வெள்ளைச் சட்டைப் பையில் கரிக்கையை விட்டு, லைசென்ஸை அவளே எடுத்தாள். சட்டையில் விரல்கள் கறுப்பாகப் பதிந்தன.

"அந்தக் கறைமேலயும் ஒரு பச்சைப் பொட்டு வச்சுக்கோங்க" என்றாள்.