ஆல்ட்டை விடாத அண்ணாச்சி

களக்காட்டு மலையடிவாரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய மடம். அதன் குரு பகவதியம்மா. வயது நாற்பதுக்குள்தான். மடத்துக்கு வருமுன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "இதே வேலைதான். அப்ப சம்பளம் குடுத்தாவ" என்பார். அதற்கு மேலும் கேட்டால் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார்.

சீடர்களில் அருமைநாயகம் எல்லோருக்கும் மூத்தவர். குருவைவிடவே இருபது வயது கூடுதல். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்றும், சீடர் குருவை அம்மா என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

அருமைநாயகம் சென்னையில் ஒரு செய்திச் சேனலில் இருந்து ஓய்வு பெற்றவர். டிவியின் அடியில் எழுத்துச் செய்தி ஓடுமே, அதை ஓடவிட்டவர். அவருடைய கம்ப்யூட்டரில் எந்நேரமும் ஏழெட்டு விண்டோ திறந்திருக்கும். மவுஸைத் தொடவே மாட்டார். இடது கட்டைவிரல் கீபோர்டின் ஆல்ட் விசை மேல், நடுவிரல் டேப் விசை மேல். தட்டத் தட்ட விண்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் அலைபவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கத்தை அவர் மறைப்பதும் இல்லை.

மடத்தில் சேர்ந்த பிறகும் அதே வேலைதான் கிடைத்தது. சனிக்கிழமை மாலைகளில் மடத்தில் கேள்வி நேரம். உள்ளூர்க்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வீடியோ அழைப்பில் வருவார்கள். அருமைநாயகத்தின் திரையில் தெரிவதெல்லாம் கூடத்துச் சுவரில் பெரிதாக விழும். கேள்வி கேட்பவர் முகம், பாட்டு வரிகள், பஞ்சாங்கம், மழை வருமா என்று காட்டும் படம், எல்லாவற்றையும் நேரம் பார்த்து மாற்ற வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஓரத்தில் கிரிக்கெட் ஸ்கோரும் திறந்திருக்கும்.

கேள்வி நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்பவர் யாராக இருந்தாலும், முதலில் அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் கேள்வி. மஸ்கட்டில் இருந்து வந்த ஒரு பெரிய இன்ஜினியர், பிறப்பு இறப்பு பற்றிக் கேட்க வந்தவர், "நேத்து வச்ச சாம்பார்" என்று சொன்னதும் தானே சிரித்துவிட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு.

ஒரு நாள் காலையில் அருமைநாயகம் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"உக்காருங்க அண்ணாச்சி."

"ஒரே நேரத்துல எல்லா விண்டோவுலயும் இருக்கதுக்கு வழி இருக்கா?"

பகவதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதுக்கு அப்படி இருக்கணும்?"

அருமைநாயகம் கொஞ்சம் தயங்கினார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், செண்பகவல்லி. நாக்பூரில் குடும்பம். அம்மா இல்லாத பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்குப் போன் போடுவாள். இவரும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே பேசுவார். ம் கொட்டிக்கொண்டே இரண்டு செய்தி படிப்பார், ஒரு மெயிலுக்குப் பதில் போடுவார். "நீங்க கீபோர்டு தட்டுற சத்தம் கேக்குதுப்பா" என்று அவள் சொல்வாள். "உன்கிட்டதாம்மா பேசிக்கிட்டு இருக்கேன்" என்று இவர் சொல்வார்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் போன் போட்டாள். மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன், நாளைக்குக் காலையில், பயமாக இருக்கிறது என்று சொன்னாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"சொல்லுங்க."

"சூப்பர்ம்மா, சூப்பர்னு சொல்லிட்டேன்."

பகவதியம்மாவின் கையிலிருந்த கீரைத்தண்டு அப்படியே நின்றது.

"அந்தத் தட்டுற சத்தம் நிக்கட்டும், அப்புறம் பேசுறேன்னு போனை வச்சிட்டா. இன்னிக்கு வரைக்கும் என் போனை எடுக்கல. அவ மாமனார் இருக்காரா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. சம்பந்தியாச்சே, நானா யார்கிட்டயும் விசாரிக்க வெக்கமா இருக்கு."

"ம்."

"அரை நொடிதாம்மா பிந்திட்டேன். அரை நொடி முந்தி மாறியிருந்தா சமாளிச்சிருப்பேன். அதான் கேக்கேன். இன்னும் வேகமா மாறுறதுக்கு ஏதாவது பயிற்சி, மூச்சுப் பயிற்சி மாதிரி, இருக்கா?"

குரு கீரைத்தட்டைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு மட்டும் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு முதல்ல அதைச் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி. எப்படி மாறுதிய?"

அருமைநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. குருவைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ஆல்ட். இதை அமுக்கிப் பிடிச்சுக்கிடணும். இப்ப டேப்பைத் தட்டுங்க."

திரையின் நடுவே எல்லா விண்டோவும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வந்து நின்றன. ஒன்றின் மேல் நீலக் கட்டம் விழுந்திருந்தது. பகவதியம்மா டேப்பைத் தட்டத் தட்ட, கட்டம் அடுத்ததற்குத் தாவியது.

"நல்லா இருக்கே" என்றார் குரு. நிஜமாகவே அவருக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "இதுல கிரிக்கெட் மாதிரி ஒண்ணு தெரியுதே?"

"அது தானா வந்ததும்மா."

"சரி. இப்ப நான் எந்த ஜன்னல்ல இருக்கேன்?"

"ஆல்ட்டைப் பிடிச்சிருக்க வரைக்கும் எல்லாமே உங்க கண்ணுக்கு முன்னால இருக்கு. எதுக்கு வேணும்னாலும் போகலாம்."

"அப்ப ஒரு எழுத்து அடிக்கட்டுமா?"

"அடிக்க முடியாதும்மா."

"ஏன்?"

"நீங்க இன்னும் எதுக்குள்ளயும் போகலையே. ஆல்ட்டை விட்டாத்தான் உள்ள போகும்."

"விடாட்டா?"

"விடாட்டா இப்படியே சுத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்படியா" என்றார் பகவதியம்மா. எழுந்து போய்க் கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

அருமைநாயகம் பின்னாலேயே போனார். "அம்மா, என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல."

"நீங்க இவ்வளவு தெளிவாச் சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன சொல்ல?"

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார். குருவுக்குத் தான் பாடம் எடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. நல்ல மாணவி, சட்டென்று பிடித்துக்கொண்டார் என்று மனதுக்குள் பாராட்டினார். சமையல்கட்டில் இருந்த பேச்சியம்மாளிடம் போய், "அம்மாவுக்கு இன்னிக்கு ஆல்ட் டேப் கத்துக்குடுத்தேன்" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

"அம்மா அதுல பழைய ஆளுன்னுல்லா சொன்னாவ" என்றாள் பேச்சியம்மாள். "கம்ப்யூட்டர் கம்பெனியில, போன்ல கேக்கவங்களுக்குப் பதில் சொல்ற வேலையில இருந்தாவளாம்."

அருமைநாயகம் நேரே கம்ப்யூட்டருக்குப் போனார். கிரிக்கெட் ஸ்கோரை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை வந்தது. கூடம் நிறைந்திருந்தது. மழைக்காலம் என்பதால் எல்லோரும் குடையோடு வந்திருந்தார்கள். வாசலில் குடைகள் ஈரமாக விரிந்து கிடந்தன. அருமைநாயகம் கூடத்தின் ஓரத்தில், கேமராவில் தெரியாத இடத்தில், தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒரு மைக் உண்டு, அடுத்தவரைக் கூப்பிடுவதற்காக.

முதலில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் தேங்காய்ப்பால் சொதி என்றார். கூடத்தில் நான்கைந்து பேர் ஆகா என்றார்கள். அவர் தன் கோபத்தைப் பற்றிக் கேட்டார், குரு பதில் சொன்னார், அருமைநாயகம் இடையில் பாட்டு வரிகளுக்குப் போய்த் திரும்பினார். எல்லாம் கச்சிதமாக நடந்தது.

அவர் விடைபெற்றதும் அழைப்பு விண்டோவில் அடுத்த பெயர் வந்தது.

செண்பகவல்லி, நாக்பூர்.

முகம் இன்னும் வரவில்லை. பெயர் மட்டும்தான். அருமைநாயகத்தின் விரல்கள் அவரைக் கேட்காமலே வேலையைச் செய்துவிட்டன. ஆல்ட், டேப். சுவரில் பாட்டு வரிகள் வந்து நின்றன. மறுபடி ஆல்ட்டை அமுக்கினார். இந்த முறை விடவில்லை.

சுவரில் எல்லா விண்டோவும் வரிசையாக வந்து நின்றன. நீலக் கட்டம் தாவத் தொடங்கியது. பாட்டு வரிகள், பஞ்சாங்கம், மழைப் படம், கிரிக்கெட் ஸ்கோர், அழைப்பு, மறுபடி பாட்டு வரிகள்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல். "கேக்குதுங்களா?"

கட்டம் இன்னும் வேகமாகச் சுற்றியது.

"ஆறு விக்கெட் போயிட்டா?" என்று கூடத்தில் யாரோ கேட்டார். யாரோ அவரை அதட்டினார்கள்.

 மகளைப் பார்க்க வேண்டும் என்று வாரக்கணக்காக ஏங்கியவர்தான் அருமைநாயகம். ஆனால் மாமனார் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்? இத்தனை பேர் முன்னால், எல்லோருக்கும் அவள் முகம் சுவரளவு தெரியும்போது சொல்லிவிட்டால்? அவருக்குப் பயமாக இருந்தது. கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை.

"ஹலோ, நான் லைன்ல இருக்கேன். யாருமே பேசலையே."

பகவதியம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பினார்.

"அண்ணாச்சி, எங்க இருக்கிய?"

"சுத்திக்கிட்டு இருக்கேம்மா."

"ஒரு எழுத்து அடிங்களேன்."

"அடிக்க முடியாதும்மா. ஆல்ட்டை விட்டாத்தான்..."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார் அருமைநாயகம். பேச்சு பாதியில் நின்றது. டேப்பைத் தட்டும் விரலும் நின்றது.

பிறகு ஒரே ஒரு முறை, மெதுவாகத் தட்டினார். நீலக் கட்டம் அழைப்பு விண்டோவின் மேல் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலை எடுத்தார்.

சுவர் முழுக்க மகளின் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணாடி புதிது.

அருமைநாயகம் கீபோர்டைத் தூர நகர்த்தினார். அப்படியும் கைகளின் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வா தாயி" என்றார் பகவதியம்மா. "என்ன குழம்பு இன்னிக்கு?"

"பூண்டுக் குழம்புங்க. ஆனா காரம் போடல." செண்பகவல்லி சிரித்தாள். "ஆபரேஷன் ஆனதுல இருந்து மாமாவுக்குப் பத்தியம். அவரு டெய்லி என்கிட்ட சண்டை போடுறாரு. இது குழம்பா, கஷாயமான்னு."

கூடம் சிரித்தது. அருமைநாயகமும் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தி சண்டை போடுகிறார் என்ற செய்தியைவிட நல்ல செய்தி எதையும் அவர் தன் உத்தியோக காலத்தில் ஓடவிட்டதில்லை.

"கேள்வி என்ன தாயி?"

"கேள்வி உங்ககிட்ட இல்லைங்க. அங்க கம்ப்யூட்டர் பாக்குறவர்கிட்ட." அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். "ஊர்ல இருக்க சித்தப்பாதான் சொன்னாங்க, நீங்கதான் இதை நடத்துறீங்கன்னு. போன்ல வந்தா பத்தோட பதினொண்ணா ஆயிடுறேன். இங்க வந்தாலாவது உங்க ஸ்கிரீன்ல நான் இருப்பேன்னு பேர் குடுத்தேன். அன்னிக்கு எனக்கு ரொம்பக் கோபம்ப்பா. இப்பவும் பாதி இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா கை போனை எடுத்துடுது. எடுத்துட்டு வச்சிடுறேன்."

அருமைநாயகம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் 'வச்சிடுறேன்' என்று சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணுவதைப் பார்த்தார். சிறுவயதிலிருந்தே அப்படித்தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நல்லா இருக்கீங்களாப்பா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.  ஆனால் மேஜையின் மேல் மைக் அணைந்து கிடந்தது. கைகள் இன்னும் தொடைக்கு அடியில் இருந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

சுவரில் செண்பகவல்லி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"என்னப்பா, தட்டுற சத்தம்கூடக் கேக்கலையே. லைன்ல இருக்கீங்களா, இல்லையா?"

பகவதியம்மா தன் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருக்காவ தாயி. இப்பத்தான் வந்தாவ."