சுவருக்கு அந்தப் பக்கத்து அவரை

திருவாதிரைக்கு முந்தின நாள் காலை. மடத்துத் தோட்டத்தில் ஏழுகறிக் கூட்டுக்கு ஆறு வகைக் காய்கள் தயாராக இருந்தன. ஏழாவதான அவரைதான் ஒன்றுகூடக் காய்க்கவில்லை.

உலகநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்று, அறுபது வயதில் சீடராக வந்தவர் அவர். குரு நாச்சியாரம்மை அவரைவிட இருபது வயது இளையவர். சித்திரையிலேயே எல்லோர் முன்னிலையிலும் உலகநாதன் அம்மையிடம் சொல்லிவிட்டார்:

"இந்த வருஷம் களிக்கு வைக்கிற ஏழுகறிக் கூட்டுக்கு ஒரு காய்கூட வெளியிலிருந்து வராது அம்மா. நான் பொறுப்பு."

அன்றிலிருந்து நட்ட நாள், பூத்த நாள், பிஞ்சு விட்ட நாள் எல்லாம் நோட்டில் ஏறின.

"அவரை என்னாச்சு?" என்றார் அம்மை.

"சுவர் உயரத்துக்கு ஏறிடுச்சு. இலை இருக்கு, காய் இல்லை."

"அந்தப் பக்கம் பார்த்தீங்களா?"

"அது நம்ம எல்லை இல்லையே அம்மா."

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்துட்டு வாங்க."

உலகநாதன் முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தார். வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான். கொடி பின்வீட்டு ஓட்டின்மேல் படர்ந்து கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடந்தது. கீழே அந்த வீட்டு லூர்தம்மாள் மடி நிறையப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க கொடி!"

"தெரியுதே ஐயா. அசுவுணிப் பூச்சி விழுந்தப்போ சாம்பல் தூவினது யாருன்னு நினைச்சீங்க? ஒரு மாசமா எங்க வீட்டுல இதுதான். இன்னும் ஒரு நாள் பொரியல் வச்சா வீட்டை விட்டே போயிடுவேன்கிறாரு எங்க வீட்டுக்காரரு. கொண்டுவந்து கொடுக்கலாம்னா, நீங்க நோட்டை விட்டுத் தலையை நிமிர்த்தினாத்தானே!"

சுவர்மேல் ஒரு முறம் நிறைய அவரைக்காய் ஏறி வந்தது.

உலகநாதன் முகமெல்லாம் பல்லாக மடைப்பள்ளிக்கு ஓடினார். வாசலில் கால் தயங்கியது.

"அம்மா, ஏழும் சேர்ந்தாச்சு. ஒரே ஒரு சந்தேகம். இது நம்ம தோட்டத்துக் காயா, வெளியிலிருந்து வந்ததா? எப்படி எழுதறது?"

அம்மை களிக்கு அரிசி வறுத்துக்கொண்டிருந்தார்.

"லூர்தம்மாள் வீட்டுல எத்தனை பேர்?"

"தெரியலையே அம்மா."

"கேட்டுட்டு வாங்க. அரிசி இன்னும் கொஞ்சம் போடணும்."